ஓலை கிடைக்குமா என்று தேடியவர்கள்

திருக்கார்த்திகை முடிந்ததும் வருகிற வாரம்தான் எனக்குக் கணக்குப் பார்க்கிற வாரம். கடைக் கணக்கை மாமா பார்த்துக்கொள்வார். நான் பார்ப்பது எங்கள் வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், எங்கே நின்று திரும்பிப் போனார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டுகிற கணக்கு. உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. சிப்பம் சிப்பமாக லாரியில் ஏறுவது மாமா பொறுப்பு, கிலோ கிலோவாக ஆன்லைனில் போவது என் பொறுப்பு. கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்கு காபிப் பொடி. சரக்கு அவ்வளவுதான்.

என்னை மாதிரியே சின்னதாக ஆன்லைன் கடை நடத்தும் தோழிகள், "அந்த அனலிட்டிக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என்னத்தைத்தான் பார்ப்பாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

மாமா ராத்திரி சாப்பிட உட்காரும்போது கேட்பார்: "எம்மா, இன்னைக்கு எத்தன பேரு வந்தாவ?" நான் ஒரு எண்ணைச் சொல்வேன். "அம்புட்டு பேரும் வாங்குனாவளா?" இல்லை என்பேன். "வாங்கலேன்னா பொறவு எதுக்கு வந்தாவளாம்?"

அவர் கேலியாகத்தான் கேட்கிறார். ஆனால் இணைய மார்க்கெட்டிங் வகுப்பு எடுக்கிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது. வந்தவர்களின் எண்ணிக்கை ஏறினால் சந்தோஷப்படுவதும் இறங்கினால் கவலைப்படுவதுமாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மொத்த எண்ணை நான் மாமாவுக்குச் சொல்வதற்காக மட்டும்தான் பார்க்கிறேன்.

ஏன் என்றால், அந்த எண்ணுக்குள் யார் யாரோ இருக்கிறார்கள். ஒருநாள் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட்டம் காட்டியது. ஊர்ப் பட்டியலைத் திறந்தால் முதலிடத்தில் ஆஷ்பர்ன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிற ஊர் அது. டேட்டா சென்டர்கள் நெருக்கியடித்து நிற்கிற இடம். அங்கிருந்து 'வருகிறவர்களில்' பெரும்பாலோர் மனிதர்களே இல்லை, பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்துவிட்டுப் போகிற புரோகிராம்கள். 'பாட்' என்கிற இந்தப் புரோகிராம்களில் தெரிந்தவற்றை கூகுள் அனலிட்டிக்ஸ் தானாகவே கழித்துவிடும், ஆனாலும் சில நழுவி உள்ளே வந்துவிடும். மாமாவிடம் அமெரிக்காவிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலை உடன்குடி முழுக்கத் தெரிந்திருக்கும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது 'எங்கேஜ்டு செஷன்' என்கிற வரிசை. ஒருவர் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயலைச் செய்தாலோதான் அந்தக் கணக்கில் வருவார். 10 வினாடி பெரிய விஷயமா என்று தோன்றலாம். கருப்பட்டி வாங்க வந்தவருக்கு அது போதும். வாங்க வராதவர் மூன்றாவது வினாடியிலேயே போய்விடுவார்.

ஊர்ப் பட்டியலை நம்பி விளம்பரம் போட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணைய இணைப்புக்குக் கிடைக்கிற எண்ணான ஐபி முகவரியை வைத்துத்தான் ஊரைக் கணிக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் வருகிறவர் சாத்தான்குளத்தில் உட்கார்ந்திருப்பார், பட்டியலில் சென்னை என்று விழும். நான் நம்புவது ஆர்டரில் இருக்கிற பின்கோடை. 600 என்றால் சென்னை, 641 கோயம்புத்தூர் பக்கம், 560 பெங்களூரு. அதில் பொய் வர வழியில்லை, பார்சல் போய்ச் சேர வேண்டுமே.

சரி, எங்கள் தளத்தில் அதிகம் பேர் படிக்கிற பக்கம் எது தெரியுமா? கருப்பட்டி விலைப் பக்கம் இல்லை. 'சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி சாப்பிடலாமா' என்கிற பக்கம். கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிற சர்ச் கன்சோலில் பார்த்தால் அந்தக் கேள்வியைத் தமிழிலும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியும், வகைவகையாகத் தேடி வருகிறார்கள். நான் எழுதி வைத்திருக்கிற பதில் இதுதான்: கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், தாதுச்சத்துகள் கொஞ்சம் இருப்பதால் அது சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது, உங்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஆர்டர் வருவது அபூர்வம்.

விளம்பர ஏஜென்சி நடத்தும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு டிராஃபிக்கை வீணடிக்கிறீங்களே மேடம், சுகரைக் கட்டுப்படுத்தும் கருப்பட்டின்னு ஒரு வரி மாத்துங்க, சேல்ஸ் பிச்சுக்கும்" என்றார். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்துச் சட்டத்திலேயே தடை. 'டிரக்ஸ் அண்ட் மேஜிக் ரெமடீஸ்' சட்டம் என்பார்கள், அதன் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், எங்கள் அத்தைக்கே சுகர். அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் விற்பனைக் கணக்குப் பார்க்கும்போது அந்தப் பக்கத்துக்கு வந்தவர்களைத் தனியாக ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறேன். வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அவர்களையும் சேர்த்து விகிதம் போட்டால், வாங்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே தெரியாமல் மறைந்துவிடும்.

சர்ச் கன்சோலில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கூகுளில் நம் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். '1 கிலோ கருப்பட்டி விலை' என்ற தேடலில் நம் பக்கம் அடிக்கடி தெரிகிறது, அழுத்துகிறவர் குறைவு என்றால், தலைப்பில் விலை இல்லை என்று அர்த்தம். தலைப்பில் விலையைப் போட்டதும் கிளிக் கூடியது. 'பனை வெல்லம்' என்று தேடுகிறவர்களும் நிறைய. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம், ஆனாலும் தலைப்பில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். காசு செலவில்லாமல் இவ்வளவு கிடைக்கிற இடம் வேறு இல்லை. 16 மாதக் கணக்கு அதில் இருக்கும், அதற்கு மேல் பழையது போய்விடும் என்பதால் நான் அவ்வப்போது இறக்கி எக்ஸெலில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது வாட்ஸ்அப். நம்மூர் வியாபாரத்தில் இதைப் பேசாமல் அனலிட்டிக்ஸ் பேசவே முடியாது.

வாங்குகிறவர்களில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் 'டைரக்ட்' என்று இருக்கும். அதாவது எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. முகவரியைத் தாங்களே தட்டி வந்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். எங்கள் தள முகவரியை மனப்பாடமாக வைத்துத் தட்டுகிறவர்கள் நானும் என் மச்சினனும்தான். மற்ற எல்லாரும் குடும்ப குரூப்பில், அப்பார்ட்மென்ட் குரூப்பில், பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்பில் யாரோ போட்ட லிங்க்கை அழுத்தி வருகிறவர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வரும்போது எந்த இடத்திலிருந்து வருகிறார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வருவதில்லை.

அதற்கு யூடிஎம் என்று ஒரு வழி இருக்கிறது. லிங்க்கின் வாலில் மூலம், ஊடகம், பிரச்சாரம் என்று மூன்று சொற்களை ஒட்டிவிடுவது. 2005-ல் கூகுள் வாங்கிய அர்ச்சின் (Urchin) என்கிற நிறுவனத்தின் பெயரை யூடிஎம்மின் முதல் எழுத்தான U இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. நான் ஆள் பார்த்து லிங்க் பிரித்துக் கொடுக்கிறேன். பார்சலுக்குள் வைக்கிற சீட்டில் இருக்கும் கியூஆர் கோடுக்கு ஒன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒன்று, பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பிராட்காஸ்ட்டுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராம் முகப்பில் ஒன்று. இதில் ஒரு கறார் வேண்டும்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அனலிட்டிக்ஸ் இரண்டு தனித்தனி ஆளாக எண்ணும். அதனால் எல்லாம் சின்ன எழுத்து, ஒரு ஷீட்டில் எழுதி வைத்து அதிலிருந்து மட்டும் காப்பி.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்த செய்தி: இன்ஸ்டாகிராமில் ரீல் போட்டால் கூட்டம் வருகிறது, வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறது. பார்சல் சீட்டின் கியூஆர் கோடில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வந்தால் வாங்குகிறார்கள். ஒரு பார்சலைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்கிற அக்காவோ நாத்தனாரோ அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று போனில் பேசும்போது தெரிந்தது. அதன்பின் ஒரு பார்சலுக்கு ஒரு சீட்டு என்றிருந்ததை மூன்றாக்கிவிட்டேன். ரீல் எடுக்கிற வேலை மச்சினனுக்குப் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொண்டு போகட்டும்.

பணம் கட்டுகிற இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வாங்குகிறவர் பணம் கட்டப் பேமென்ட் கேட்வே பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். திரும்பி வரும்போது அந்தப் பக்கம்தான் அவரை அனுப்பி வைத்தது என்று கணக்கு விழும். பார்த்தால் நமக்கு அதிக வியாபாரம் கொண்டுவருவதே பேமென்ட் கேட்வே என்று தெரியும்! அனலிட்டிக்ஸ் செட்டிங்கில் 'இவர்கள் அனுப்பி வைத்ததாக எண்ணாதே' என்று சொல்கிற 'வேண்டாத ரெஃபரல்' பட்டியல் ஒன்று இருக்கிறது, அந்த முகவரியை அதில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். யுபிஐயில் வேறு சிக்கல். போனில் யுபிஐ ஆப் திறந்து பணம் கட்டிவிட்டு, 'நன்றி' பக்கத்துக்குத் திரும்பாமலே ஆளைக் காணோம். பணம் நம் கணக்கில் இருக்கும், அனலிட்டிக்ஸில் வாங்கியதாகவே பதிவு இருக்காது. அதனால் வாரம் ஒருமுறை ஆர்டர் நோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

அப்புறம், பாதிப் பேர் தளத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் பட்டனை அழுத்தி, "ரெண்டு கிலோ அனுப்புங்க" என்று செய்தி போடுகிறவர்கள். அந்தப் பட்டனை அழுத்துவது வெளியே போகும் கிளிக் என்ற பெயரில் தானாகவே பதிவாகும். அதை முக்கியச் செயலாகக் குறித்து வையுங்கள். போன் நம்பரை அழுத்துவது தானாகப் பதிவாகாது, எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று குறித்துக் கொடுக்கிற கூகுளின் டேக் மேனேஜரில் சொல்லி வைக்க வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்துகிற மெட்டாவின் விளம்பரக் கணக்கைப் பற்றி ஒரு வரி. விளம்பரத்தை அழுத்தி 7 நாளுக்குள் வாங்கியவரையும், அழுத்தாமல் கண்ணால் பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கியவரையும் அது வழக்கமாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதன் கூட்டுத்தொகையும் அனலிட்டிக்ஸ் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

எங்கே நின்று திரும்புகிறார்கள் என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி வைத்திருக்கிறேன், இலவசம். வருகிறவர் திரையில் எங்கே தொட்டார், எவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்தார் என்று வீடியோ மாதிரி ஓடும். தட்டுகிற பெயர், நம்பர் எல்லாம் மறைத்துத்தான் காட்டும், அது அவசியமும்கூட. ஒரு பதிவைச் சொல்கிறேன். ஒருவர் கருப்பட்டிப் பக்கத்தில் வந்து நின்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு கிலோ எடுத்தார், இரண்டாக்கினார். வண்டியில், அதாவது தளத்தின் 'கார்ட்டில்', போட்டார். பின்கோடு தட்டினார். கூரியர் கட்டணம் சேர்ந்து மொத்தத் தொகை மாறியது. விரல் அங்கேயே நின்றது. மேலே போனார், இரண்டை ஒன்றாக்கினார், மறுபடி கீழே வந்தார். கட்டணம் குறையவில்லை. போய்விட்டார்.

அன்று ராத்திரி வரிசையாக அதே மாதிரிப் பதிவுகள் பார்த்தேன். கருப்பட்டி கனமான சரக்கு, கூரியர் விலை அதிகம்தான், அதை ஒளித்து லாபமில்லை. 'சென்னைக்கு 1 கிலோ, கூரியரோடு சேர்த்து இவ்வளவு. 3 கிலோ வாங்கினால் இவ்வளவு' என்று பொருள் பக்கத்திலேயே படத்துக்குக் கீழே எழுதிவிட்டேன். வண்டியில் போடுகிறவர்கள் குறைந்தார்கள். ஆர்டர் குறையவில்லை, 3 கிலோ ஆர்டர்கள் கூடின. வண்டியில் போடுவது குறைந்ததைப் பார்த்துவிட்டுப் பழையபடி மாற்றச் சொன்ன மச்சினனுக்கு இதை விளக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இனி திருக்கார்த்திகை. எங்கள் பக்கம் கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை இல்லாமல் தீராது. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பூ, சிறுபயறு, கொஞ்சம் சுக்கும் ஏலமும் பிசைந்து பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிப்பது. அதன் செய்முறைப் பக்கம் கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து ஏறத் தொடங்கி, விளக்கீட்டுக்கு முந்தைய நாள் உச்சியில் நிற்கும்.

இதைப் போன வருஷத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் அனலிட்டிக்ஸில் 'முந்தைய ஆண்டு' என்று அழுத்தினால் போதும் என்பார்கள். அழுத்தினால் தப்பான படம்தான் வரும். 2024-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. 2025-ல் டிசம்பர் 3. தீபாவளியும் அப்படித்தான், 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. தேதிக்குத் தேதி வைத்தால் ஒரு வாரம் ஆகா என்று ஏறியிருக்கும், அடுத்த வாரம் கடை இழுத்து மூடியதுபோல் கிடக்கும். பண்டிகைக்குப் பண்டிகை, 'தீபத்துக்கு முந்தைய 14 நாள்' என்று நாமே தேதி கொடுத்து ஒப்பிட வேண்டும். 2023 டிசம்பரை நான் எதோடும் ஒப்பிடுவதில்லை. அந்த 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, இந்த வட்டாரமே தண்ணீரில் கிடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஆராய்ச்சி பண்ண ஒன்றுமில்லை.

அனலிட்டிக்ஸ் செட்டிங்கில் நேர மண்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரத்திலேயே விட்டிருந்தால் டிசம்பரில் பதிமூன்றரை மணி நேரம் தள்ளி நிற்கும், நம் காலை ஆர்டர் எல்லாம் முந்தைய நாளில் போய் விழும்.

தளத்துக்குள் ஒரு தேடல் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் என்ன தட்டுகிறார்கள் என்பதும் பதிவாகும். பெரும்பாலும் கருப்பட்டி, கற்கண்டு என்றுதான் இருக்கும், பார்க்கவே தோன்றாது. 2024 கார்த்திகை சமயம் எக்ஸெலில் வரிசைப்படுத்தியபோது 'பனை ஓலை', 'ஓலை', 'கொழுக்கட்டை ஓலை', 'குருத்து ஓலை கிடைக்குமா' என்று வந்துகொண்டே இருந்தது. பதில் பக்கம் பூஜ்யம். தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்றதும் போய்விட்டார்கள். ஊரில் இருக்கும் எங்களுக்கு ஓலை விற்கிற சரக்கு என்றே தோன்றாது. பெங்களூரில் இருக்கிறவர் ஓலைக்கு எங்கே போவார்?

அதனால் 2025 கார்த்திகைக்கு ஓலைக்கட்டும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு பெட்டி போட்டேன். குருத்தோலை வாடிவிடும் என்பதால் தீபத்துக்கு நாலு நாள் முன்னால் மட்டும் அனுப்புவோம் என்று எழுதி, செய்முறைப் பக்கத்தின் நடுவிலேயே அதன் படத்தை வைத்தேன். விளம்பரத்துக்குக் காசு கொடுக்கவில்லை. முன்பு தேடிவிட்டுப் போனவர்கள் தட்டிய அதே சொற்கள்தான் அந்தப் பெட்டியின் பெயர். 560-ம் 600-மாகவே ஆர்டர் வந்தது. "அக்கா, ஓலை மட்டும் தனியா அனுப்புவீங்களா? கருப்பட்டி எங்ககிட்ட இருக்கு" என்று கேட்டவர்களும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்து பார்த்தவர்கள் நிஜமான மனிதர்கள்தான் என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப்பிலிருந்து தெரிகிறது, அவர்களுக்கு ஓலை அனுப்ப வழியில்லை.

மாமாவிடம் சொன்னேன். "ஓலையவா துட்டு குடுத்து வாங்குதாவ?" என்று இரண்டு தடவை கேட்டார்.

2026-ல் கார்த்திகை தீபம் நவம்பர் கடைசியிலேயே வந்துவிடுகிறது. கூகுளில் பக்கம் ஏறி நிற்கச் சில வாரம் ஆகும் என்பதால் அக்டோபர் தொடக்கத்தில் செய்முறைப் பக்கத்தைப் புதுப் படங்களோடு திருப்பிப் போட்டாக வேண்டும். ஓலை மட்டும் தனியாக ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும். குருத்து வெட்டித் தருகிற அண்ணாச்சியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கட்டுக்கு என்ன விலை என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.